‘போன வருடம் பார்த்திருக்கிறேன்’ என்று தமிழில் சொல்லலாம். ஆங்கிலத்தில் ஏன் அப்படிச் சொல்ல முடியாது?

வடமராட்சி ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வடமராட்சியில் தரம் 10, தரம் 11 பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். ‘பிரசன்ட் பேர்ஃபெக்ட்’ என்னும் நிகழ்கால நிறைவைப் பற்றி இங்குள்ளவர்களிடம் ஒரு விளக்கம் கேட்க விரும்புகிறேன். அதன் அமைப்பைப் பிள்ளைகள் விரைவாகவே பிடித்துக்கொள்கிறார்கள். ‘ஐ, யூ, வீ, தே’ வந்தால் ‘ஹாவ்’, ‘ஹீ, ஷீ, இட்’ வந்தால் ‘ஹாஸ்’, அதன் பின் வினையின் மூன்றாம் வடிவம் என்று சொல்லிக் கொடுத்தால் பயிற்சித் தாளில் உள்ள இடைவெளிகளை நன்றாகவே நிரப்பிவிடுகிறார்கள். கடிதமோ கட்டுரையோ சொந்தமாக எழுதத் தொடங்கும்போதுதான் குழப்பம் வருகிறது.

சென்ற கிழமை ஒரு மாணவனின் கொப்பியில் இரண்டு வசனங்கள் அடுத்தடுத்து இருந்தன. முதலாவது, ‘ஐ ஹாவ் சீன் ஹிம் லாஸ்ட் இயர்’. இரண்டாவது, ‘வீ ஆர் லிவிங் இன் நெல்லியடி ஃபோர் டென் இயர்ஸ்’. இரண்டையும் திருத்திக் கொடுத்தேன். அவன் எழுந்து நின்று, “ரீச்சர், ‘போன வருடம் அவரைப் பார்த்திருக்கிறேன்’ என்று தமிழில் சொல்லலாம்தானே? ‘பார்த்திருக்கிறேன்’ என்றால் ‘ஹாவ் சீன்’ என்றுதானே ரியூசனில் எழுதித் தந்தார்கள்? ‘பத்து வருடமாக இருக்கிறோம்’ என்பதில் ‘இருக்கிறோம்’ நிகழ்காலம்தானே?” என்று கேட்டான். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ‘அது ஆங்கில வழக்கம், அப்படியே மனனம் செய்’ என்று அவனை இருத்திவிட எனக்கு மனம் வரவில்லை. தரம் 10 பிள்ளைக்கு விளங்கும்படி இதை எப்படிச் சொல்லலாம்?

வட்டுக்கோட்டை ஐயா எழுதியது:

ஆசிரியைக்கு வணக்கம். நீண்ட காலம் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன்.

இந்தக் காலத்தின் பெயரிலேயே ‘நிகழ்காலம்’ என்பது இருக்கிறது. பிள்ளைகள் ‘நிறைவு’ என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு இதை இறந்தகாலத்தின் இன்னொரு வகை என்று நினைத்துவிடுகிறார்கள். நடந்த செயலைப் பற்றிப் பேசினாலும், பேசுபவர் நிற்பது இந்த நேரத்தில். அவர் சொல்ல வருவதும் இந்த நேரத்து நிலையைத்தான். வீட்டுப் படலையில் நின்றுகொண்டு ஒருவர் ‘ஐ ஹாவ் லொஸ்ட் மை கீ’ என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். திறப்பு தொலைந்தது எப்போது என்பது அங்கே பேச்சே இல்லை. திறப்பு இப்போது கையில் இல்லை, உள்ளே போக முடியாமல் நிற்கிறார் என்பதுதான் செய்தி. அதே மனிதர் ‘ஐ லொஸ்ட் மை கீ லாஸ்ட் வீக்’ என்றால், அது சென்ற கிழமை நடந்த ஒரு சம்பவம். திறப்பு பிறகு கிடைத்ததா, புதிதாக வெட்டுவித்தாரா என்பதைப் பற்றி அந்த வசனம் எதுவும் சொல்லவில்லை.

இது விளங்கிவிட்டால், ‘யெஸ்டர்டே’, ‘லாஸ்ட் இயர்’, ‘டூ டேய்ஸ் எகோ’, ‘இன் 1981’ போன்ற முடிந்துபோன காலத்தைக் காட்டும் சொற்கள் ஏன் இங்கே வர முடியாது என்பதும் தானாக விளங்கும். இன்றைய நிலையைச் சொல்லும் வினையை ‘போன வருடம்’ என்னும் முடிந்த காலத்தோடு கட்ட ஆங்கிலம் இடம் கொடாது. எங்கள் யாழ்ப்பாணப் பொது நூலகத்தைப் பற்றிச் சொல்லும்போது ‘த லைப்ரரி வோஸ் பேர்ன்ட் இன் 1981’ என்றுதான் எழுத வேண்டும். ‘ஹாஸ் பீன் பேர்ன்ட் இன் 1981’ என்று எழுதக் கூடாது. ஆண்டைச் சொல்லாமல், இன்று எழுந்து நிற்கும் கட்டடத்தைக் காட்டிப் பேசும்போது ‘இட் ஹாஸ் பீன் ரீபில்ட்’ என்பது மிகப் பொருத்தம்.

இதைக் கற்பிக்கும்போது தமிழை இடையில் கொண்டு வராதீர்கள் என்பதே என் ஆலோசனை. மொழிபெயர்த்துக் கற்பதனால்தான் இந்தச் சிக்கலே முளைக்கிறது.

தமிழ்த்துறை மாணவன் எழுதியது:

ஐயா, உங்கள் விளக்கம் மிகத் தெளிவாக இருக்கிறது. ஆனால் தமிழை விலக்க வேண்டும் என்ற கடைசிக் கருத்தோடு மட்டும் மரியாதையுடன் மாறுபடுகிறேன். நாங்கள் விலக்கினாலும் பிள்ளையின் மனத்தில் தமிழ் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ‘பார்த்திருக்கிறேன்’ என்றால் ‘ஹாவ் சீன்’ என்ற அரைகுறைச் சமன்பாட்டை யாரோ முன்பே கொடுத்துவிட்டார்கள். அது எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று காட்டுவதுதான் அதிலிருந்து பிள்ளையை மீட்கும் வழி.

தமிழில் வினையெச்சத்தோடு ‘இரு’ என்னும் துணைவினை சேரும்போது அது ஒரே வேலையைச் செய்வதில்லை. ‘மாமா கனடாவிலிருந்து வந்திருக்கிறார்’ என்றால் வந்தார், இப்போது இங்கே நிற்கிறார் என்பது பொருள். ஆங்கிலத்திலும் ‘ஹாஸ் கம்’ என்றே வரும். ‘நான் நெடுந்தீவுக்குப் போயிருக்கிறேன்’ என்பது அனுபவம்; ‘ஐ ஹாவ் பீன் டு டெல்ஃப்ட்’ என்று சொல்லலாம் (நெடுந்தீவின் ஆங்கிலப் பெயர் டெல்ஃப்ட்). இந்த இரண்டு இடங்களிலும் சமன்பாடு ஓரளவு சரியாகவே வருகிறது.

ஆனால் அனுபவத்தைச் சொல்லும்போது தமிழ் காலக் குறிப்பை ஏற்றுக்கொள்ளும். ‘2015இல் நெடுந்தீவுக்குப் போயிருக்கிறேன்’ என்பது பிழையற்ற தமிழ். ஆங்கிலத்தில் அந்த ஆண்டு வந்தவுடனேயே ‘ஐ வென்ட்’ என்று மாறிவிடும். உங்கள் மாணவனின் முதல் வசனம் பிழைத்தது இந்த இடத்தில்தான்.

இன்னொரு பயன்பாடும் உண்டு. விடியற்காலையில் கதவைத் திறக்கிறோம். முற்றத்து மண் நனைந்து கிடக்கிறது, மாமர இலைகளிலிருந்து இன்னும் நீர் சொட்டுகிறது. ‘இரவு மழை பெய்திருக்கிறது’ என்கிறோம். மழையை நாங்கள் பார்க்கவில்லை. தடயத்தைப் பார்த்து ஊகிக்கிறோம். தமிழில் ‘இருக்கிறது’ அந்த ஊகத்தைத் தாங்குகிறது. ஆங்கிலத்தின் நிகழ்கால நிறைவுக்கு இந்த வேலை உரியதல்ல. ஊகம் என்று காட்ட வேண்டுமானால் ‘இட் மஸ்ட் ஹாவ் ரெய்ன்ட் இன் த நைட்’ என்று சொல்ல வேண்டும். ‘இட் ஹாஸ் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்’ என்று எங்கள் பிள்ளைகள் எழுதுவதற்குக் காரணம் இதுதான்.

எல்லாவற்றையும் விட முக்கியமான இடம் வேறு. ஆங்கிலேயர் மிக அதிகமாக ‘ஹாஸ்’ போடும் இடங்களில் நாங்கள் தமிழில் ‘இரு’ போடுவதே இல்லை. பஸ் தரிப்பிடத்தில் நின்று ‘பஸ் வந்திட்டுது’ என்கிறோம். ‘சாப்பிட்டாச்சா?’ என்று கேட்கிறோம். ‘கடிதத்தை அனுப்பிவிட்டேன்’ என்கிறோம். இவை ஆங்கிலத்தில் முறையே ‘த பஸ் ஹாஸ் கம்’, ‘ஹாவ் யூ ஈட்டன்?’, ‘ஐ ஹாவ் சென்ட் த லெட்டர்’ என்று வரும். ‘இருக்கிறேன்’ வந்தால்தான் ‘ஹாவ்’ என்று படித்த பிள்ளை, இங்கே ‘இருக்கிறேன்’ இல்லாததால் ‘த பஸ் கேம்’ என்று எழுதிவிட்டு, தான் சரியாக எழுதியதாகவே நினைக்கிறது. எனவே ‘விட்டேன்’, ‘ஆயிற்று’ என்பவற்றையும் ஆசிரியர்கள் கரும்பலகையில் எழுத வேண்டும். அவையும் முழுச் சமன்பாடுகள் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘நேற்றே வந்துவிட்டார்’ என்பதில் ‘நேற்று’ இருப்பதால் ஆங்கிலத்தில் ‘கேம்’ தான்.

டோர்ட்முண்ட் வாசகி எழுதியது:

கோண்டாவிலில் பிறந்து இப்போது ஜேர்மனியில் வாழ்கிறேன். இங்கே பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளைகளும் ஆங்கிலத்தில் இதே பிழையை விடுகிறார்கள் என்பதைச் சொல்ல விரும்புகிறேன். அவர்களுக்குக் காரணம் தமிழ் அல்ல, ஜேர்மன் மொழி. ‘இஷ் ஹாபெ ஈன் கெஸ்டர்ன் கெசேன்’ என்றால் ‘நான் அவனை நேற்றுப் பார்த்தேன்’ என்பது பொருள். ஆங்கிலத்தின் ‘ஹாவ்’ போன்ற வினை, அதோடு மூன்றாம் வடிவம், நடுவில் ‘நேற்று’ என்ற சொல். பேச்சு ஜேர்மனில் இறந்தகாலத்தைச் சொல்லும் சாதாரண முறையே இதுதான். பிரெஞ்சிலும் நிலைமை ஏறத்தாழ இப்படியே இருக்கிறது. நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்கு வரும் பிள்ளைகள் அங்குள்ள மச்சான், மச்சாள்மாரோடு ஆங்கிலத்தில் கதைக்கும்போது இரு பக்கத்தாரும் ‘ஹாவ் சீன் யெஸ்டர்டே’ என்றே சொல்லிக்கொள்வார்கள். ஒருவரை ஒருவர் திருத்த ஆள் இருக்காது. முடிந்த காலத்தை இந்த வடிவம் ஏற்பதில்லை என்பது ஆங்கிலத்தில் உள்ள கட்டுப்பாடு, எல்லா மொழிகளுக்கும் பொதுவானதல்ல என்று சொன்னால், உங்கள் மாணவன் தன் தமிழில் ஏதோ குறை இருப்பதாக நினைக்க மாட்டான்.

நல்லூர் வாசகர் எழுதியது:

அனைவரும் நன்றாக எழுதுகிறீர்கள். இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். ‘ஐ ஹாவ் சீன் ஹிம் லாஸ்ட் இயர்’ என்றால் கேட்பவருக்குப் பொருள் விளங்கத்தானே செய்கிறது? அப்படியிருக்க, இதற்காகப் பிள்ளைகளை இவ்வளவு வருத்த வேண்டுமா?

செய்தி மேசை எழுதியது:

நல்லூர் வாசகருக்கு: நீங்கள் காட்டிய வசனத்தில் பொருள் விளங்கிவிடுகிறது என்பது உண்மை. பொருளே மாறிவிடும் இடங்களும் உள்ளன. வேலைக்கு விண்ணப்பிக்கும் ஒருவர் ‘ஐ வேர்க்ட் இன் அ பாங்க் ஃபோர் த்ரீ இயர்ஸ்’ என்று எழுதினால், மூன்று வருடம் வேலை செய்து அதை விட்டுவிட்டார் என்றே வாசிப்பவர் எடுத்துக்கொள்வார். ‘ஐ ஹாவ் வேர்க்ட் இன் திஸ் பாங்க் ஃபோர் த்ரீ இயர்ஸ்’ என்றால் இன்றும் அங்கே வேலை செய்கிறார் என்று பொருள். இரண்டு வசனத்துக்கும் இடையில் இருப்பது அவருடைய இன்றைய வேலை. நேர்முகத்தில் ‘ஏன் விட்டீர்கள்?’ என்ற கேள்வி எழுந்தால், அதற்குக் காரணம் அவர் எழுதாமல் விட்ட அந்த ஒரு சொல்தான். வெளிநாட்டுப் படிப்புக்கும் தாதியர் வேலைக்கும் விண்ணப்பிக்கும் பிள்ளைகள் எங்கள் ஊரில் எத்தனையோ பேர். அவர்களுக்காகவாவது இந்த இடத்தில் நாங்கள் இளக்கம் காட்டக் கூடாது.

நான் ஒரு பத்திரிகையில் ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குகிறேன். ஆங்கிலச் செய்தியின் முதல் வசனம் பல வேளைகளில் நிகழ்கால நிறைவில் இருக்கும். ‘த கவர்ன்மென்ட் ஹாஸ் அனவுன்ஸ்ட்’ என்று தொடங்கும். எப்போது, எங்கே, யார் என்று விவரம் சொல்லும் இரண்டாம் வசனத்திலிருந்து ‘த மினிஸ்டர் செய்ட் ஒன் மன்டே’ என்று இறந்தகாலத்துக்கு மாறிவிடும். புதிதாக ஒரு செய்தியை முன்வைப்பதற்கு ஒரு வடிவம், அதை விவரிப்பதற்கு இன்னொரு வடிவம். ஆசிரியை அவர்கள் ஓர் ஆங்கிலப் பத்திரிகையை வகுப்புக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு செய்தியின் முதல் இரண்டு வசனங்களில் உள்ள வினைகளுக்குக் கீழே கோடிடச் சொல்லலாம். விதியைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

வடமராட்சி ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. முதல் வசனத்துக்கான விளக்கம் முழுமையாகக் கிடைத்துவிட்டது. பத்திரிகைப் பயிற்சியை வரும் கிழமையே செய்யப்போகிறேன். ‘பத்து வருடமாக இருக்கிறோம்’ என்ற இரண்டாவது வசனத்தைப் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை. அதில்தான் என் வகுப்பில் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் பிழை விடுகிறார்கள்.

தமிழ்த்துறை மாணவன் எழுதியது:

அக்கா, அங்கே சிக்கல் நேர்மாறானது. முன்பு தொடங்கி இன்றும் தொடர்வதைத் தமிழ் வெறும் நிகழ்காலத்தால் சொல்லிவிடுகிறது. ‘பத்து வருடமாக இருக்கிறோம்’, ‘அவரை எனக்குச் சின்ன வயது தொடக்கம் தெரியும்’, ‘இரண்டு மணித்தியாலமாகக் காத்துக்கொண்டிருக்கிறேன்’ என்பவற்றில் இறந்தகால வினைமுற்று எதுவும் இல்லை. ஆகவே பிள்ளை ‘ஆர் லிவிங்’, ‘ஐ நோ’, ‘ஆம் வெயிட்டிங்’ என்று எழுதுகிறது. ஆங்கிலம் தொடக்கப் புள்ளியையும் இன்றையும் ஒரே வினையில் இணைத்துக் காட்ட விரும்பும் மொழி. அதனால் ‘வீ ஹாவ் லிவ்ட்’, ‘ஐ ஹாவ் நோன் ஹிம்’, ‘ஐ ஹாவ் பீன் வெயிட்டிங்’ என்று வரும். தெரிதல், நம்புதல், சொந்தமாக வைத்திருத்தல் போன்ற நிலைகளுக்கு ‘பீன்’, ‘இங்’ சேர்க்காமல் ‘ஹாவ் நோன்’ என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். காத்திருத்தல், படித்தல் போன்ற செயல்களுக்குச் சேர்க்கலாம்.

இங்கே எங்கள் யாழ்ப்பாணத் தமிழ் ஒரு நல்ல துணையாக இருக்கிறது. ‘தொடக்கம்’ என்று சொல்லும் இடத்தில் ‘சின்ஸ்’, ‘ஆக’ என்று முடியும் இடத்தில் ‘ஃபோர்’. ‘2019 தொடக்கம்’ என்பது ‘சின்ஸ் 2019’; ‘ஆறு மாதமாக’ என்பது ‘ஃபோர் சிக்ஸ் மன்த்ஸ்’. ‘சின்ஸ் சிக்ஸ் மன்த்ஸ்’ என்று எழுதும் பிள்ளையிடம் ‘ஆறு மாதம் தொடக்கம் என்று சொல்வாயா?’ என்று கேட்டால் தானே திருத்திக்கொள்ளும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகமாகத் தொடங்கியது: ‘இட் பிகேன் இன் 1974’. 1979 தொடக்கம் அது தனிப் பல்கலைக்கழகம்: ‘இட் ஹாஸ் பீன் அன் இன்டிபென்டன்ட் யூனிவேர்சிட்டி சின்ஸ் 1979’. ஒரே நிறுவனம், இரண்டு ஆண்டுகள், இரண்டு காலங்கள். வகுப்பில் சொல்ல இது ஏற்ற எடுத்துக்காட்டு என்று நினைக்கிறேன்.

வட்டுக்கோட்டை ஐயா எழுதியது:

தம்பி சொன்ன ‘தொடக்கம்’, ‘ஆக’ என்ற வழி பயனுள்ளது. ஆனாலும் முதல் பாடத்திலேயே தமிழைக் கொண்டு வராமல், திறப்பைத் தொலைத்தவர் போன்ற ஒரு காட்சியைப் பிள்ளைகள் கண்முன் நடித்துக் காட்டிவிட்டு, ஒப்பீட்டைப் பிறகு செய்வதே நல்லது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

பலர் கவனிக்காத ஓர் இடத்தையும் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். ஆறுமுக நாவலரைப் பற்றிக் கட்டுரை எழுதும் பிள்ளை ‘நாவலர் ஹாஸ் ரிட்டன் மெனி புக்ஸ்’ என்று எழுதும். ஆண்டு எதுவும் சொல்லப்படவில்லை; நாங்கள் தந்த விதிப்படி பார்த்தால் பிழை இல்லை போலத் தோன்றும். ஆனால் நாவலர் 1879இல் மறைந்துவிட்டார். அவர் எழுதிய காலம் அவருடைய வாழ்வோடு முடிந்துவிட்டது. இனி ஒரு நூல் எழுத அவரால் இயலாது. ஆகவே ‘ரோட்’ என்ற இறந்தகாலம்தான் சரி. உயிரோடு இருக்கும் எழுத்தாளரைப் பற்றி ‘ஹாஸ் ரிட்டன்’ என்று தாராளமாக எழுதலாம். நாவலரின் நூல்களை எழுவாயாக வைத்து ‘நாவலர்ஸ் புக்ஸ் ஹாவ் ஹெல்ப்ட் மெனி ஸ்டூடன்ட்ஸ்’ என்றும் எழுதலாம். நூல்கள் இன்றும் கையில் இருக்கின்றன.

உயர்தர மாணவி எழுதியது:

ஐயா, அக்கா, எனக்கும் ஒரு சந்தேகம். ‘அப்பா கொழும்புக்குப் போயிருக்கிறார்’ என்பதை எழுதும்போது ‘ஹாஸ் கோன்’, ‘ஹாஸ் பீன்’ இரண்டில் எது சரி? மற்றது, ரொறொன்ரோவில் இருக்கும் என் மச்சாள் ‘டிட் யூ ஈட் ஓல்ரெடி?’ என்று கேட்கிறாள். எங்களுக்கு ‘ஹாவ் யூ ஈட்டன்?’ என்றுதான் படிப்பித்தார்கள்.

வட்டுக்கோட்டை ஐயா எழுதியது:

பிள்ளை, அப்பா இப்போது கொழும்பில் நிற்கிறார் என்றால் ‘ஹாஸ் கோன்’. முன்பு போய் வந்த அனுபவத்தைச் சொல்வதானால் ‘ஹாஸ் பீன்’. தமிழில் இரண்டுக்கும் ‘போயிருக்கிறார்’ என்றே சொல்வோம். ‘இரண்டு முறை போயிருக்கிறார்’ என்று எண்ணிக்கை சேர்ந்தால் பெரும்பாலும் ‘ஹாஸ் பீன்’ என்று எடுத்துக்கொள்ளலாம். வீட்டு வாசலில் நின்று கதைக்கும் அப்பாவைக் காட்டி ‘ஹாஸ் கோன்’ என்று ஒருபோதும் சொல்ல முடியாது.

மச்சாள் பேசுவது வட அமெரிக்க வழக்கு. ‘ஜஸ்ட், ஓல்ரெடி, யெட்’ ஆகிய சொற்களோடு அங்கே இறந்தகாலத்தைத் தாராளமாகப் பயன்படுத்துவார்கள். அது பிழை அல்ல. இலங்கைப் பாடசாலைகளில் பிரித்தானிய முறையைத் தழுவியே கற்பிக்கிறோம். ஆகவே பரீட்சையில் ‘ஹாவ் யூ ஈட்டன் யெட்?’ என்று எழுதுவதே பாதுகாப்பானது.

வடமராட்சி ஆசிரியை எழுதியது:

கடைசியாக ஒன்று. ‘இன்று காலை’ என்பதை என்ன செய்வது? ‘ஐ ஹாவ் சீன் ஹிம் டுடே மோர்னிங்’ என்று எழுதுகிறார்கள்.

செய்தி மேசை எழுதியது:

‘டுடே மோர்னிங்’ என்பதை ‘திஸ் மோர்னிங்’ என்று மாற்றச் சொல்லுங்கள். பிறகு மணிக்கூட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். இன்னும் காலை நேரமாக இருந்தால், அந்தக் காலம் முடியவில்லை. ‘ஐ ஹாவ் சீன் ஹிம் திஸ் மோர்னிங்’ சரி. மத்தியானம் கடந்துவிட்டால் காலை முடிந்துபோன காலம். ‘ஐ சோ ஹிம் திஸ் மோர்னிங்’ என்றுதான் எழுத வேண்டும். ‘டுடே’ என்று மட்டும் எழுதினால் இரவு வரைக்கும் ‘ஹாவ் சீன்’ நிற்கும். ‘திஸ் வீக்’, ‘திஸ் இயர்’ ஆகியவற்றுக்கும் இதே கணக்குத்தான். காலை 8 மணிக்கு ஒரு வகுப்பும் பின்னேரம் 3 மணிக்கு இன்னொரு வகுப்பும் உங்களுக்கு இருந்தால், ஒரே வசனத்தை இரண்டு வகுப்பிலும் கொடுத்துப் பாருங்கள். காலை வகுப்பில் சரியாக இருந்த விடையைப் பின்னேர வகுப்பில் திருத்த வேண்டியிருக்கும்.